ராஜாவின் தாடை

அம்மா போய் மூன்று வாரம் ஆகிறது. முப்பத்தொரு வருடம் நாடகங்களுக்கு முகமூடி செய்தவள். அதில் ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன். மற்றதற்கு இன்னும் கை வரவில்லை.

நடிகரின் முகத்தில் பிளாஸ்டர் அச்சு எடுப்பாள். அதன்மேல் பசை தடவிய காகிதம், ஏழு அடுக்கு. அந்த நாள் ஒரு ராஜா கதை நாடகத்தோடு சேர்ந்தது; அதற்குப் பதினொரு முகமூடிகள். நாலு மாத வேலை. அரங்கேற்றத்துக்கு முந்தின நாள் காலை ஒத்திகையில், ராஜா வேடக்காரர் முகமூடிக்குள்ளிருந்து பேசியது முதல் வரிசைக்கே புரியவில்லை.

"என்னக்கா, ராஜா போர்வைக்குள்ள இருந்து பேசுறாரா?" என்றார் இயக்குநர். "சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா முகமூடியே வேணாம். எல்லாருக்கும் சாயம் பூசிடலாம்."

நான் வார்ப்பு அச்சு வடிவமைக்கும் இன்ஜினியர். விடுமுறையில் வந்திருந்தேன். பார்த்தேன், நடிகரின் உதடு முகமூடியில் இடித்தது.

"உன் அச்சு தப்பும்மா."

"அச்சு சரிதான். முகம் மாறியிருக்கு."

ராஜாவாக நடித்த பெரியவரை ஒப்பனை அறைக்குள் கூப்பிட்டாள்; நானும் கூடப் போனேன். தாடையில் கட்டைவிரலை வைத்து, "பேசுங்கண்ணே" என்றாள். நாலு வரி கேட்டதும் கதவைச் சாத்தினாள்.

"பல் செட்டு எப்ப கட்டுனீங்க?"

"போன மாசம்" என்றார், தரையைப் பார்த்து. "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. பொக்கை வாய்னு தெரிஞ்சா அடுத்த நாடகத்துல கூப்பிட மாட்டாங்க."

முகமூடியின் வாயை அகலமாக வெட்டச் சொன்னேன்.

"கோபப்படுற ராஜா கொட்டாவி விடுவான்டி. சும்மா இரு."

வளைந்த கத்தியால் உள்பக்கத் தாடையைச் சுரண்டினாள். பாதித் தடிமன் போனது. அளவுகோல் இல்லை, கட்டைவிரல்தான். முகமூடி உதட்டில் இடிக்காமல் தள்ளி நிற்க, அதன் கன்னத்துக்குள் இரண்டு கம்பளித் துண்டு ஒட்டினாள். வெளியே ஒரு கீறல் இல்லை.

சாயங்காலம் ராஜாவின் குரல் கடைசி வரிசைவரை வந்தது.

"அப்ப என்னக்கா தப்பு?" என்றார் இயக்குநர்.

"உள்ளே தடிச்சுப்போச்சு தம்பி. என் கவனக்குறைவு."

"இத்தனை வருஷ அனுபவம்னு பேரு!"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மாவோடு சண்டை போட்டேன். அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள்: "எனக்கு நாளைக்கே வேற வேலை வரும். அவருக்கு?"

மறுநாள் பதினொன்றும் மேடையேறின.

போன வாரம் துக்கம் விசாரிக்க இயக்குநரும் அந்தப் பெரியவரும் ஒன்றாக வந்தார்கள். இயக்குநர், "இத்தனை வருஷத்துல அக்கா கையில ஒரே ஒரு முகமூடிதான் தப்பாப் போச்சு" என்றார், புகழ்வதாக நினைத்து.

பெரியவர் பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்து நீட்டினார். காற்றுப் போகும் வாயால் சொன்னார்: "அது அவ தப்பில்ல. இதோட தப்பு."

இயக்குநர் அம்மாவின் படத்தைப் பார்த்து எழுந்து நின்றார்.