ஒரு நாள் மலரக்காவுக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை, துபாய் தேராவில் எங்கள் டிராவல்ஸின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது தோஹாவிலிருந்து போன் வந்தது. பேசியவர் மலரக்காவின் தங்கை தேவி. லீவு போட்டுக்கொண்டு அக்கா அவர் வீட்டுக்குத்தான் போயிருந்தார்.

"தம்பி, அக்கா மோசம் போயிட்டா."

எனக்கு வந்ததே கோபம்! "எவன் அக்காவ ஏமாத்துனது? இத்தாலி டிக்கெட்டா? நான்தான போட்டேன், அதுல ஒரு கோளாறும் கிடையாதே!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் மோசம் போவதென்றால் ஏமாந்து போவது. யாழ்ப்பாணத்தில் அதற்கு வேறு அர்த்தம் என்பது மறுமுனையில் அழுகை கேட்ட பிறகுதான் உறைத்தது. அக்கா காலையில் தேநீர் கேட்டிருக்கிறார். தங்கை போட்டுக்கொண்டு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

மலரக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹோட்டல் ரிசப்ஷனில் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர். ஐரோப்பிய விசா ஃபைல்களைக் கட்ட எங்கள் யாருக்கும் பொறுமை இல்லாததால் அந்த மேசையை அவர் தலையில் கட்டினோம். அவர் அதைத் தன் ராஜ்ஜியமாக்கிக்கொண்டார். இத்தாலி போகிறவர்களிடம் அவருக்கு ஒரு நிபந்தனை இருந்தது.

"எல்லா நாளும் உங்கட. ஒரு நாளை மட்டும் எனக்குத் தாங்கோ. அண்டைக்கு நான் சொல்லுற இடத்துக்குப் போகோணும்."

எங்கள் அலுவலகத்தில் அதற்கு 'மலரக்கா நாள்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

சவூதி ஜுபைலில் வேலை பார்த்த திருச்சிக்காரர் ஒருவர் கல்யாண நாளுக்கு மனைவியை இத்தாலி கூட்டிப்போக வந்தார். பீசாவின் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவது போல் ஒரு படம் எடுத்தே தீர வேண்டும் என்றார். அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "அதை எல்லாரும் தாங்கியாச்சு. இனி நீங்களும் போய்த் தாங்கினீங்களெண்டா மற்றப் பக்கம் விழுந்திடும்."

தெற்கே இருக்கும் மத்தேராவுக்கு அனுப்பி வைத்தார். பள்ளத்தாக்கின் விளிம்பில் பாறையைக் குடைந்து வீடு கட்டிய ஊர் அது. அந்தக் குகை வீடுகள் சில இப்போது தங்கும் விடுதிகள். போய் இறங்கியதுமே மனிதர் போனில் குதித்தார். "கல்யாண நாளும் அதுவுமா குகைக்குள்ள படுக்க வச்சுட்டீங்களே! பொண்டாட்டி எங்கூடப் பேச மாட்டேங்குறா!" எங்கள் முதலாளி முகம் சிவக்க அக்காவின் மேசை முன் வந்து நின்றார். அக்கா சோற்றுப் பெட்டியைத் திறந்தபடியே, "ஒருக்கா விடியட்டும், பாய்," என்றார். மறுநாள் அதே மனிதரிடமிருந்து செய்தி வந்தது. காலை வெயிலில் ஊரே பொன்னாகிவிட்டதாம். மனைவி படிக்கட்டை விட்டு எழுந்திருக்க மறுக்கிறாராம். இன்னும் ஒரு நாள் கூட்டிப் போட முடியுமா, பீசா போனால் போகட்டும் என்று கேட்டிருந்தார். முதலாளி அதன்பிறகு அந்த மேசைப் பக்கம் வாயைத் திறக்கவில்லை.

அக்கா ஒருபோதும் இத்தாலி போனவரில்லை. போய்த் திரும்புகிறவர்களை எதிரே உட்கார வைத்து, தன் கேத்திலில் தேநீர் போட்டுக் கொடுத்து, துருவித் துருவிக் கேட்பார். படி கனக்கவோ, அதாவது நிறையவோ, முழங்கால் நோகுமோ, டாய்லெட் கிட்டவோ என்று தொடங்கி மெல்ல மெல்ல ஊருக்குள் போவார். ரவென்னாவின் பழைய தேவாலயங்களைப் பற்றி, "வெளியில பார்த்தா செங்கல் கோடவுன், உள்ளுக்கு முகடெல்லாம் நட்சத்திரம்," என்பார். பாஞ்ஞோரேஜோ பக்கத்தில் மண் சரிந்து சரிந்து ஒற்றைப் பாலத்தில் தொங்கும் குன்றூருக்கு ஆட்களை அவசரப்படுத்தி அனுப்புவார். சறுக்கலும் உண்டு. ஓர்த்தா ஏரித் தீவுக்கு ஒரு குடும்பத்தை அனுப்பினார், அன்றைக்குப் பார்த்துப் படகு ஓடவில்லை. அவர்கள் கரையில் ஐஸ்கிரீம் தின்றுவிட்டுச் சந்தோஷமாகத்தான் வந்தார்கள். அக்காதான் ஒரு வாரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பல வருடங்களுக்கு முன் அவரே ஒருமுறை விசாவுக்கு விண்ணப்பித்தார். திரும்பி வருவார் என்ற நம்பிக்கை இல்லை என்று மறுத்துவிட்டார்கள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நான் திரும்பி வரமாட்டனாம், தம்பி! என்ர கேத்தில் இஞ்ச கிடக்கு, வராமல் எங்க போறது?" அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இந்த வருடம் நான் சண்டை போட்டு மறுபடி விண்ணப்பிக்க வைத்தேன். விசா கிடைத்தது. அடுத்த மாதக் கடைசியில் தங்கையோடு பயணம்.

தங்கைக்காக ரோம், வெனிஸ் எல்லாம் போட்டார். தனக்கென்று ஒரே ஒரு நாள் கேட்டார்: கஸ்தெல்லூச்சோ. மலைகளுக்கு நடுவே ஒரு பெரிய சமவெளி, அது முழுக்கப் பருப்புச் செடி. கோடையின் தொடக்கத்தில் மற்றப் பூக்களும் சேர்ந்துகொள்ள, வயலே நிறம் நிறமாகப் பூக்கும். மேலேயுள்ள சிற்றூர் நிலநடுக்கத்தில் இடிந்துபோனது.

"பருப்புப் பூவைப் பார்க்கவாக்கா இவ்வளவு தூரம்?" என்று கேலி செய்தேன்.

"வீடு விழுந்தும் விதைச்சிருக்கினம், தம்பி. எங்கட வீடும் ஒருக்கா விழுந்தது. நாங்கள் வெளிக்கிட்டு வந்திட்டம், அவை நிண்டு விதைச்சவை. அந்த ஆக்களை ஒருக்காப் பார்க்கோணும்."

அதைக்கூடப் பார்க்க முடியாமல் போய்விட்டதே! தேவி சொன்ன சொல்லை நான் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. அக்காவை யாரோ நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்.

அன்றைக்கே தோஹா போனேன். நஜ்மா பகுதியில் தேவியின் சின்ன ஃபிளாட் நிறைய ஆட்கள். அக்காவை ஊருக்கு அனுப்பும் ஏற்பாடுகளுக்கு நடுவே தேவி என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு டிக்கெட்டையும் கான்சல் பண்ணிவிடுங்கோ, தம்பி." சரி என்றேன்.

நேற்று யாழ்ப்பாணத்திலிருந்து பேசினார். "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய நான் போறன். ரோம் வேண்டாம், வெனிஸ் வேண்டாம். அக்கா கேட்ட அந்த ஒரு நாளை மட்டும் வையுங்கோ. பூ அதுவரைக்கும் நிக்குமோ?"

"நிக்கும்க்கா," என்றேன். அங்கே வயல் வைத்திருப்பவன் மாதிரி சொன்னேன்.

தேவி இத்தாலியிலிருந்து திரும்பும்போது துபாய் வழியாக வருமாறு டிக்கெட் போட்டிருக்கிறேன். அக்காவின் கேத்தில் அதே மேசையில்தான் இருக்கிறது. தேவியை எதிரே உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, படி கனக்கவோ, முழங்கால் நோகுமோ என்று தொடங்கி, பருப்புப் பூ என்ன நிறம் என்பது வரைக்கும் ஒன்று விடாமல் கேட்பேன். சத்தமாகவே கேட்பேன். நீங்களும் கேட்டுக்கொண்டிருங்கள், அக்கா.