பாதியில் திரும்பாத கைப்பிடி

ரோஸ்மேரியை நான் முதன்முதலாகத் தமிழில் திட்டியது ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை, ஆக்லாந்தில் ஹென்டர்சனுக்கு அப்பால் இருக்கும் எங்கள் பிஸ்டல் கிளப்பில், பதினாறு பேர் முன்னிலையில். சுடுகிறவர்கள் வரிசையாக நிற்க, அவர்களுக்குப் பின்னால் நின்று கண்ணும் காதுமாக இருக்கும் ரேஞ்ச் ஆபீசர் நான். 'டப், டப்' என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்த ரோஸ்மேரியின் துப்பாக்கிச் சத்தத்தில் திடீரென்று ஒரு 'புஸ்'. வெடிமருந்து விழாத தோட்டா அது. குண்டு குழாய்க்குள்ளேயே சிக்கி நிற்கும். அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி வெடித்து விரல்களைக் கொண்டுபோகும்.

"நிப்பாட்டு! விரலை எடு!" என்று கத்தினேன். அவசரத்தில் ஆங்கிலம் வாய்க்கு வரவில்லை.

அவர் விரலை எடுத்துவிட்டார். துப்பாக்கியை மேசையில் வைத்தார். நான் அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. தையல் கடையில் பொத்தான் தைக்கிற மாதிரி நினைத்து விளையாட வந்தீரா என்றுகூடக் கேட்டுவிட்டேன். கட்டடத் தளங்களில் பாதுகாப்பு பார்க்கிறவன் நான். இளமையில் யாழ்ப்பாணத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடினவன். அதனால் அதைக் கையில் எடுக்கிறவர்கள் கவனமில்லாமல் இருந்தால் எனக்குப் பொறுக்காது. இருந்தாலும் அந்தப் பொத்தான் பேச்சு அதிகப்படிதான்.

ரோஸ்மேரி மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர். த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியின் ஓரத்தில் துணி திருத்தித் தைக்கும் சிறிய கடை வைத்திருக்கிறார். ஐந்து வருடங்களுக்கு முன் கிளப்பின் திறந்த நாளுக்குக் கணவர் ராஜூவோடு வேடிக்கை பார்க்க வந்தார். ராஜூ சுட்டதெல்லாம் மண்மேட்டுக்குப் போயிற்று. இவர் சுட்டது நடு வட்டத்தை விட்டு நகரவில்லை. ராஜூ அன்றோடு மீன்பிடிக்கப் போய்விட்டார். இவர் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டுவிட்டு எங்களோடு ஒட்டிக்கொண்டார்.

கடைத் தோட்டாக்களை வாங்கிச் சுட்டால் கட்டுப்படியாகாது என்பதால், சுட்டுத் தள்ளிய பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி மறுபடி நிரப்புகிற பழைய ப்ரெஸ் ஒன்றை வாங்கி வந்தார். அமெரிக்காவில் செய்தது, பச்சை வர்ணம், கிட்டத்தட்ட என் வயது. கைப்பிடியை ஒருமுறை கீழே இழுத்து மேலே விட்டால் வட்டத் தட்டு ஒரு படி சுழலும். மருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமர் ஒரு கூட்டிலிருந்து போகும், அடுத்ததில் புதியது ஏறும், அதற்கடுத்ததில் மருந்து விழும், கடைசியில் குண்டு உட்கார்ந்து இறுகும். இழுப்புக்கு ஒரு தோட்டா. கிளப்பில் மூன்று பேர் அதோடு மல்லுக்கட்டித் தோற்று, கடைசியில் நான்காவதாக இவர் தலையில் கட்டியிருந்தார்கள். இவரோ எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, தட்டின் சுழற்சியைத் தையல் மிஷினின் ஊசிக்கு நேரம் வைப்பதுபோலப் பார்த்துப் பார்த்து வைத்து, ஒரே மாதத்தில் ஓட வைத்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் பொறாமைதான். சொல்வதில் என்ன வெட்கம்.

அந்த 'புஸ்' வந்தது மோசமான நேரத்தில். ஈஸ்டர் முடிந்த வாரம் கிளப்புகளுக்கு இடையே அணிப் போட்டி. நான்கு பேர் அணியில் ரோஸ்மேரியின் பெயர் முதல்முறையாக வந்திருந்தது. கமிட்டி கூடியது. காரணம் என்னவென்று கண்டுபிடித்துச் சொல்லி, இனி நடக்காது என்று நிரூபிக்கும்வரை அவர் சொந்தத் தோட்டாவோடு ரேஞ்சுக்குள் வரக் கூடாது, அணியிலும் இடமில்லை என்று தலைவர் கிரேம் சொன்னார். ஆறு வாரம் தவணை. அதை எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

இரண்டு வாரம் அவர் கராஜிலேயே கிடந்தார். பிரைமரும் மருந்தும் இல்லாமல், மருந்துப் பெட்டியில் ரவையைக் கொட்டி அறுநூறு கூடுகளை ஓட்டிப் பார்த்தார். ஒன்றில்கூட ரவை விழாமல் இல்லை. வீட்டில் ராஜூ, "இந்த வாரமாவது உப்புமாவுக்கு ரவை மிஞ்சுமா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கடையில் யாருடைய ரவிக்கையையோ தைத்துக்கொண்டிருந்தார். நூல் சிக்கியது. அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே, மிஷினின் சக்கரத்தை அரைச் சுற்று பின்னால் திருப்பி நூலை விடுவித்தது. முப்பது வருடப் பழக்கம். அதைப் பார்த்ததும் ரவிக்கையை அப்படியே விட்டு எழுந்திருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடி, ப்ரெஸ்ஸின் கைப்பிடியைப் பாதிவரை இழுத்து, வேண்டுமென்றே மேலே திருப்பிப் பார்த்தார். தட்டு ஒரு படி சுழன்றது. ரவை விழவில்லை. கூடு காலியாகவே அடுத்த இடத்துக்குப் போயிற்று.

எனக்கு போன் செய்தார். "அண்ணே, மிஷின் மேல தப்பில்ல. நான்தான். எங்கயோ லேசா தட்டியிருக்கு, என் கை தையல் மிஷினுன்னு நெனச்சு பின்னுக்கு விட்டுருச்சு."

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்துவிட்டது. இரக்கம் வந்தால் நான் சொல்லும் யோசனை எல்லாம் கோணலாகத்தான் இருக்கும். "சும்மா வாயைக் குடுத்து மாட்டுப்படாதேங்கோ, ரோஸ்மேரி. மெசின் பழசு, அதாலதான் பிழைச்சது எண்டு சொல்லுங்கோ. எல்லாரும் நம்புவினம். புதுசு ஒண்டு வாங்கினால் கதை முடிஞ்சுது."

"புதுசு வாங்கலாம், அண்ணே. இந்தக் கைய எங்க போய் மாத்துறது?"

பாதுகாப்பு அதிகாரி என்று சட்டையில் எழுதி வைத்திருக்கிறவன் பொய் சொல்லச் சொல்கிறேன். பொத்தான் தைக்கிறவர் உண்மையைச் சொல்லப் போகிறார்.

கையைத் திருத்த முடியாது, தடுக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்து, அவர் ப்ரெஸ்ஸை மறுபடி கடைசித் திருகுவரை கழற்றினார். கைப்பிடித் தண்டின் பின்புறம் வரிசையாகச் சின்னப் பற்கள் வெட்டியிருந்தன. அதை முன்பே பார்த்திருந்தார், ஆனால் எதற்கென்று தெரியவில்லை. இப்போது அந்தப் பற்களுக்கு நேரே சட்டத்தில் வர்ணம் லேசாகக் குழிந்திருந்தது கண்ணில் பட்டது. ஊசியால் சுரண்டினார். வர்ணத்துக்கு அடியில் ஓட்டை அடைக்கும் புட்டி, புட்டிக்கு அடியில் மரை வெட்டிய இரண்டு ஓட்டைகள். அங்கே ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. தொல்லை என்று நினைத்த பழைய சொந்தக்காரர் யாரோ அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓட்டையை அடைத்து வர்ணமும் பூசிவிட்டார். மூன்று பேர் மல்லுக்கட்டியும் இது ஒருவர் கண்ணிலும் படவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த மூவரில் ஒருவன் நான்.

ஹென்டர்சனில் லேத் பட்டறை வைத்திருக்கும் அப்பலசாமியிடம் இருவரும் போனோம். அவர் ஃபிஜிக்காரர். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் நான்கு, நான்கும் சாப்பாட்டுச் சாமான். ஆனால் ரோஸ்மேரி அட்டையில் வெட்டிக் கொண்டுபோன மாதிரியைப் பார்த்ததும் பெரிதாகத் தலையாட்டினார். பல்லில் விழுந்து பிடிக்கும் ஒரு இரும்பு நாக்கு. கைப்பிடி கீழே முழுவதும் போய்த் தொட்டால்தான் நாக்கு விலகி மேலே வர விடும். நாக்கை அப்பலசாமி செய்து கொடுத்தார். அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கை ரோஸ்மேரி தன் பழைய ஓவர்லாக் மிஷினிலிருந்து கழற்றிப் போட்டார். நான்கு ஸ்பிரிங் மாற்றி ஐந்தாவது சரியாக உட்கார்ந்தது.

கமிட்டி நாளில் ரோஸ்மேரி ப்ரெஸ்ஸை ராஜூவின் வேனில் ஏற்றிக் கிளப் அறைக்குக் கொண்டுவந்து மேசையில் பூட்டினார். பிரைமர் இல்லை, மருந்துக்குப் பதில் ரவை. எழுந்து நின்று, நடந்தது தன் கையின் தப்பு என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னார். மிஷினைக் குறை சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள் போலும்.

கிரேம் முந்நூறு கூடுகளை எண்ணி வைத்தார். குழப்புகிற வேலையை என்னிடம் கொடுத்தார். நான் அதை மனச்சாட்சியோடு செய்தேன். போனை அடிக்க விட்டேன். நாற்காலியைத் தள்ளினேன். ராஜூ எத்தனை மீன் பிடித்தார் என்று கேட்டேன். ரோஸ்மேரி பதில் சொல்லிக்கொண்டே கைப்பிடியை இழுத்தார். இருநூறைத் தாண்டியபோது யாருக்கும் தெரியாமல் வாய் நசுங்கிய கூடு ஒன்றை வரிசையில் வைத்துவிட்டு, "சேர்ச்சில பூசைக்குப் போனீங்களோ இண்டைக்கு?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணே, சாயங்காலம்தான்..." என்று அவர் திரும்பிய நொடி, கூடு இடித்தது. அவர் கை பழையபடி பின்னால் போயிற்று.

'டக்.'

கைப்பிடி நின்ற இடத்திலேயே நின்றது. மேலே வரவில்லை. தட்டு அசையவில்லை.

"பிரேக்டவுன்," என்றார் கமிட்டியில் ஒருவர்.

"இல்லை," என்றார் ரோஸ்மேரி ஆங்கிலத்தில். "அது என்னைத் தப்புச் செய்ய விட மறுக்கிறது." நாக்கைக் கையால் தூக்கி, தட்டில் இருந்த எல்லாக் கூடுகளையும் எடுத்து ஒதுக்கி, நசுங்கியதை என் முன்னால் வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். முந்நூறு முடிந்ததும் ஒவ்வொன்றையும் தராசில் போட்டுப் பார்த்தோம். ஒன்றுகூடக் காலியில்லை. கிரேம் எழுந்துவந்து அந்தக் கைப்பிடியைத் தானே நான்கு முறை பாதியில் திருப்பிப் பார்த்தார். நான்கு முறையும் 'டக்'. ஐந்தாவது முறை சிரித்துவிட்டார். அணிப் பட்டியலில் ரோஸ்மேரியின் பெயரைத் திரும்ப எழுதியதும் நான்தான். அதற்கு முன்பு எழுந்து, அந்தப் பொத்தான் பேச்சுக்கு எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க லா," என்றார் ரோஸ்மேரி, ஈப்போ பாணியில்.

போட்டி நாளில் காற்று இருந்தது, மழை இல்லை. ஆக்லாந்தில் அதுவே பெரிய உபகாரம். கடைசிச் சுற்றில் எங்கள் அணி நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. இரு அணியிலும் ஒவ்வொருவர்தான் மிச்சம், எங்களில் ரோஸ்மேரி. அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். பத்துத் தோட்டா, அத்தனையும் அவர் கையால் நிரப்பியது. முதல் மூன்றுக்கு என் உயிர் காதுக்குள் இருந்தது. நான்காவதிலிருந்து சத்தத்தைக் கேட்கவே மறந்து, அட்டையின் நடுவில் ஒரே இடத்தில் துளை பெரிதாவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தும் நடு வட்டம். எதிரணியின் கடைசி ஆள் ஆறு புள்ளி விட்டிருந்தார், இரண்டு புள்ளியில் வென்றோம்.

நான் கத்தினேன். ரேஞ்ச் ஆபீசர் வரிசைக்குப் பின்னால் நின்று கூச்சல் போடக் கூடாது. விதியை எழுதியவனே நான். கிரேம் எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கண்டித்து, கிளப் புத்தகத்தில் என் பெயரை எழுதினார்.

ரோஸ்மேரி காதுமூடியைக் கழற்றித் திரும்பினார். "என்னமோ கத்துனீங்களே அண்ணே, ஒண்ணும் கேக்கல."

"வெண்டிட்டியள் எண்டு சொன்னனான்."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

புத்தகத்தில் ஏற்கெனவே பெயர் ஏறிவிட்டது, இனி என்ன பயம்? இரண்டாவது முறை இன்னும் பலமாகவே கத்தினேன்.