ஆரஞ்சு பனியன்

பந்து உதைத்தே பதினான்கு வருடம் சோறு தின்றவன் நான். கோல் அடிப்பது என் வேலை. அந்த வேலையில் ஒரு வசதி உண்டு. மற்ற பத்துப் பேர் முட்டி தேய ஓடினாலும், மறுநாள் பத்திரிகையில் அடித்தவன் பெயர்தான் வரும். அந்த வசதியை நான் வெட்கமில்லாமல் அனுபவித்தேன். இப்போது முப்பத்தாறு வயதாகி, பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பெயர் வராத ஒருவனைப் பற்றி எழுதத் தோன்றுகிறது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜெலுத்தோங் அடுக்குமாடியில். கீழே காடிகள் நிற்கும் இடம்தான் என் முதல் திடல். யார் கார்க் கண்ணாடி உடைந்தாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள், பெரும்பாலும் சரியாகத்தான் தட்டுவார்கள். கால் வேகமாக இருந்தது, வாய் அதைவிட வேகம். கோபம் எப்போதும் மூக்கு மேலேயே இருக்கும். நடுவரிடம் வாயைக் கொடுத்து நான் வாங்கிய மஞ்சள் அட்டைகளைச் சேர்த்திருந்தால் வீட்டில் ஒரு சுவர் முழுக்க ஒட்டியிருக்கலாம் என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

அவன் என்னைவிட இரண்டு வயது இளையவன். ஜார்ஜ் டவுனில் அவனுடைய அத்தா நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்தார். எங்கள் குழுவில் அவன் தற்காப்பு ஆட்டக்காரன், ஆனால் ஆட்டத்தில் இறங்காத தற்காப்பு ஆட்டக்காரன். பயிற்சியின்போது முதல் பதினொரு பேர் வழக்கமான சட்டையில் இருப்போம். மற்றவர்கள் மேலே ஆரஞ்சு பனியன் மாட்டிக்கொண்டு எதிரணியாக நடிப்பார்கள். நான்கு வருடம் அந்தப் பனியன் அவன் உடம்பை விட்டு இறங்கவில்லை. என்னைக் கோல் அடிக்க விடாமல் தடுப்பதுதான் அவனுக்குக் கொடுத்த வேலை. நான் வாரத்துக்கு ஒருநாள் எதிரணியோடு மோதினேன். அவன் வாரத்துக்கு ஐந்து நாள் என்னோடு மோதினான்.

மூன்றாம் வருடம் ஒரு பயிற்சியில் அவன் காலை நீட்டிப் பந்தை எடுத்தான். பந்தைத்தான் எடுத்தான், பிறகுதான் என் கால் அவன் மேல் இடறியது. விழுந்தவன் எழுந்து அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பயிற்றுநர் தூரத்தில் இருந்தார், சரியாகப் பார்க்கவில்லை. கோல் அடிப்பவன் கத்தினால் அவன் பக்கம்தான் நியாயம் என்று எடுத்துக்கொண்டு, அந்த வாரம் ஈப்போவுக்கு ஆடப் போகவிருந்தவர்களின் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்துவிட்டார். அவனுடைய பெயர் பட்டியலில் வந்ததே அதுதான் முதல் தடவை. தப்பு அவனுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருடமே எனக்குச் சனி பிடித்தது. ஒன்பது ஆட்டம் ஒரு கோல் இல்லை. பந்து வரும், கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டி வாங்குவேன், திரும்புவேன், எதிரணிக்காரன் எனக்கு முன்னாலேயே அங்கே நிற்பான். பத்தாவது ஆட்டத்துக்கு என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பயிற்றுநர் அறைக்குக் கூப்பிட்டு, நோன்புப் பெருநாள் முடிந்து வரும் முதல் ஆட்டத்தில் ஒரு வாய்ப்புத் தருவதாகவும், அதிலும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அடுத்த வருட ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் மலாயில் மெதுவாகச் சொன்னார். மகளுக்கு ஒரு வயது. மனைவி வேலையை விட்டிருந்தாள். எனக்கு இந்த ஒரு வேலையைத் தவிர வேறெதுவும் தெரியாது.

அன்று மோட்டார் நிறுத்துமிடத்தில் அவன் எனக்காகக் காத்திருந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்க மாட்டேன், சொல்லு."

"நீங்க எந்தப் பக்கம் திரும்பப் போறீங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிடுது. வலது தோளு லேசா ஏறுச்சுன்னா எடது பக்கம் போவீங்க. ஏறலன்னா வலது பக்கம். எனக்கு ரொம்ப நாளா தெரியும். இப்ப எல்லாத்துக்கும் தெரிஞ்சிருச்சு போல."

கோவிச்சுக்க மாட்டேன் என்று சொல்லி இரண்டு நிமிடம் ஆகவில்லை. "ஒரு ஆட்டம்கூட எறங்காதவன் எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா? நீ போ லா" என்றேன்.

"சரிண்ணே" என்று தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தச் 'சரிண்ணே'யில் ஒரு துளி கோபம் இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் பயிற்சி முடிந்ததும் நானே அவனிடம் போனேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அந்தப் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. "எங்க, காட்டு" என்றேன். அவன் என் பின்னால் வந்து, முதுகில் உள்ளங்கையை வைத்தான். கண்ணை மூடிக்கொள்வதாகச் சொன்னான். ஒரு பயலைப் பந்து போடச் சொன்னோம். நான் திரும்புவதற்கு முன்பே அவன் சொல்லிக்கொண்டே வந்தான். எடது, எடது, வலது, எடது. பத்துத் தடவை. பத்தும் சரி. கடைசியில் கண்ணைத் திறந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, முழு உடம்பும் அம்மணமாக நிற்பதுபோல் இருந்தது.

"தோள நிறுத்த முடியாதுண்ணே, அது உங்க ஒடம்பு. ஆனா பொய் சொல்ல வைக்கலாம்" என்றான். வேண்டுமென்றே வலது தோளை ஏற்றிவிட்டு, வலது பக்கமே திரும்ப வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. இருபது வருடப் பழக்கத்தை உடம்பு அவ்வளவு சீக்கிரம் விட்டுத் தருமா? முதல் வாரம் என் காலே என்னைத் தட்டிவிட்டது.

நோன்பு மாதம். குழுவின் பயிற்சியை மாலை ஐந்து மணிக்கு மாற்றியிருந்தார்கள். ஆறு மணிக்கு மற்றவர்களெல்லாம் பலகாரம் வாங்கப் பசாருக்கும் வீட்டுக்கும் ஓடுவார்கள். அவன் மட்டும் நிற்பான். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவன், என் முதுகில் கை வைத்து, என்னை இடித்துத் தள்ளி, ஒவ்வொரு தடவையும் பந்தை எடுத்துக்கொண்டு போவான். அவனுடைய உதடு வெடித்திருக்கும். நான் முதல் நாள் புத்தியில்லாமல் அவன் எதிரிலேயே தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மடக்மடக்கென்று குடித்தேன். "குடிங்கண்ணே, எனக்கு ஒண்ணுமில்ல" என்றான். இரண்டாம் நாளிலிருந்து நானும் குடிக்கவில்லை. பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, ஒரு மணி நேரம்தான். அதற்கே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

நோன்பு திறக்கும் நேரத்தில் திடலின் ஓரத்திலேயே உட்காருவோம். அத்தா கடையிலிருந்து கொண்டுவந்த கஞ்சி சுடுநீர்க் குடுவையில் இருக்கும். பேரீச்சம்பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்துவிட்டு, மூடியில் எனக்கும் ஊற்றுவான். அந்தக் கஞ்சியில் வெந்தயமும் இஞ்சியும் அப்படி மணக்கும். அதற்குப் பிறகு பெரிய பெரிய ஓட்டல்களில் குழுவோடு சாப்பிட்டிருக்கிறேன், எதுவும் அந்த மூடிக் கஞ்சிக்குப் பக்கத்தில் வரவில்லை. ஒருநாள் கேட்டேன், எனக்கு எதற்கு இவ்வளவு செய்கிறாய் என்று. கொஞ்சம் யோசித்தான். "உங்கள நிறுத்துறதுதான்ணே என் வேல. நீங்களே வீட்டுக்குப் போயிட்டா நான் யார நிறுத்துறது?" என்றான்.

பெருநாளுக்குப் பிறகு அந்த ஆட்டம் வந்தது. இரண்டு பேருக்குக் காயம் என்பதால் அவன் பெயரும் அன்று மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் ஏறியிருந்தது. முதல் பாதியில் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் பாதியில், பயிற்றுநர் என்னை வெளியே எடுக்கப் ஆள் மாற்றும் பலகையில் என் எண்ணைப் போடச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பந்து என் காலுக்கு வந்தது. முதுகில் எதிரணிக்காரனின் கை. வலது தோளை ஏற்றினேன். அந்தக் கை இடது பக்கம் போனதை முதுகில் உணர்ந்தேன். வலது பக்கம் திரும்பினேன், முன்னால் யாருமே இல்லை. அவ்வளவு காலியான இடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அடித்தேன்.

அடித்த பிறகு என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. கோல் அடிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். கால் இழுத்த பக்கம் ஓடுவோம். என் கால் என்னைக் கூட்டத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. வேலியில் ஏறிக் கத்தினேன், அழுதேன், அதற்கும் ஒரு மஞ்சள் அட்டை வாங்கினேன்.

மறுநாள் காலை பசியாறும்போது மனைவி கைப்பேசியில் அந்தக் கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

"ஏங்க, இது யாரு? ஆரஞ்சு பனியன் போட்டுக்கிட்டு, கைய விரிச்சிக்கிட்டு நிக்கிறாரே?"

வாங்கிப் பார்த்தேன். மூலைக்கொடிக்குப் பக்கத்தில் மாற்று ஆட்டக்காரர்கள் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் நேராக அவனை நோக்கித்தான் ஓடுகிறேன். அவன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு இரண்டடி முன்னால் வருகிறான். நான் அவனைத் தாண்டி ஓடுகிறேன், ஒரு கம்பத்தைத் தாண்டுவதுபோல. கை கொஞ்ச நேரம் விரித்தபடியே இருக்கிறது. பிறகு அவன் அந்தக் கைகளாலேயே தட்டத் தொடங்குகிறான்.

இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். திங்கட்கிழமை அவனிடம், 'உன்னால்தான் அந்தக் கோல்' என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவன் முந்திக்கொண்டு "சூப்பர் கோல்ணே" என்றான். நான் "ஆமாலா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

வருடக் கடைசியில் எனக்கு இரண்டு வருட ஒப்பந்தம் கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. காலணியை ஒரு நெகிழிப் பையில் போட்டுக்கொண்டு, எல்லாரிடமும் கை கொடுத்துவிட்டு, அத்தாவின் கடைக்குப் போனான். ஒரு ஆட்டத்தில்கூட அவன் இறங்கவே இல்லை.

அந்தத் திருப்பத்தை வைத்து மேலும் ஐந்து வருடம் ஓட்டினேன். வீட்டில் அடுப்பு எரிந்தது, மகள் பள்ளிக்குப் போனாள், எல்லாம் அதில்தான். அதற்குள் நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லாமல் விட்டால் இதை எழுதிப் பிரயோசனமில்லை. ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், இந்தத் தோள் வித்தையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்கள். "சின்ன வயசுலேருந்தே வரும்" என்றேன். சொல்லி முடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அத்தா கடையில் சுவரில் மாட்டிய தொலைக்காட்சி நாள் முழுக்க ஓடும் என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு அந்தத் தெரு வழியாக மோட்டாரில் போவதையே விட்டேன். அவன் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான், அதுதான் பயம்.

போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பைராம் தோட்டத்துத் திடலில் பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு நட்பு ஆட்டம் வைத்தார்கள். எதிர்க்குழு, ஜார்ஜ் டவுன் இருக்கும் தீவிலிருந்து ஒரு வேனில் வந்து இறங்கியது. வேன் கடையுடையது, ஓட்டிவந்தவன் அவன். வயிறு கொஞ்சம் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நேராக வந்தான்.

"அண்ணே, முட்டி எப்படி இருக்கு?"

முட்டியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். அந்தப் பேட்டியைத் தவிர எல்லாம் பேசினேன்.

ஆட்டம் தொடங்கியதும், யாரும் சொல்லாமலேயே அவன் என் பின்னால் வந்து நின்றான். முதுகில் அந்த உள்ளங்கை. இரண்டு தடவை என்னிடமிருந்து பந்தைச் சுத்தமாக எடுத்தான். "தோளு இன்னும் பேசுதுண்ணே" என்று காதருகே சிரித்தான். மூன்றாவது தடவை பந்து வந்தபோது வலது தோளை ஏற்றினேன். அவனுக்குத் தெரியும், அவன்தானே சொல்லித் தந்தான். வலது பக்கத்தை அடைக்க எடை மாற்றினான். ஆனால் நான் உண்மையாகவே இடது பக்கம் திரும்பினேன். பந்து உள்ளே போனது.

கால் வழக்கம்போல் கூட்டத்தின் பக்கம் இழுத்தது. ரம்புத்தான் மர நிழலில் உட்கார்ந்திருந்த இருபது முப்பது பேர்தான் கூட்டம். நான்கு எட்டு வைத்து ஓடியிருப்பேன். நின்றேன். திரும்பிப் பார்த்தேன். அவன் முட்டியில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவனை நோக்கி ஓடினேன்.

போன வேகத்தில் கட்டிப்பிடித்ததில் இருவரும் விழப் பார்த்தோம்.

"அண்ணே, நான் எதிர் டீம்லா" என்றான்.

அவர்களுடைய கோல் காவலர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினார். "டேய், கோல் வுட்டுட்டு அங்க என்னடா கொஞ்சல்?"

மரத்தடியில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி நான் பதில் சொன்னேன். "இந்தத் தோள் வித்த நானா கத்துக்கிட்டது இல்ல. இவன் சொல்லிக் குடுத்தது. நோன்போட நின்னு சொல்லிக் குடுத்தான். நான் இத்தன வருசமா யாருகிட்டயும் சொல்லல." குரல் நடுவில் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டேன்.

"மெதுவாண்ணே, எங்க கீப்பர் என்னய என் வேன்லயே ஏத்தமாட்டான்" என்றான் அவன். சொல்லிவிட்டு, அவனும் கைகளை என் முதுகைச் சுற்றிப் போட்டு இறுக்கிக்கொண்டான்.