ஏழாம் பாடத்தை முடிக்காதவர்

இதைப் படித்துவிட்டு யாரும் எனக்கு டாக்டர் நம்பர் அனுப்ப வேண்டாம். இரண்டு பேரைப் பார்த்தாகிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். அதுதான் பிரச்சினை. எனக்கு ஒன்றுமில்லை என்றால், நான் பார்த்தது உண்மை.

ஆன்லைனில் கோடிங் சொல்லித்தரும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பர்னிச்சர் கடைக்கு மேலே இரண்டு அறை, ஐந்து நாற்காலி. கீழே கடை நிறைய நாற்காலி இருந்தும் எங்களுடையதில் ஒன்று நொண்டி. பாடம் நடத்துவது என் வேலை இல்லை. இணையதளம் மக்கர் செய்தால் சரிசெய்வதுதான் என் வேலை. நேரடியாக அதில் கை வைக்க மாட்டோம். நகல் ஒன்றை என் கம்ப்யூட்டரிலேயே ஓட்டி, அதில் திருத்திப் பார்ப்போம். அதற்கு 'லோக்கல்' என்று பெயர். அந்த நகலை என் கம்ப்யூட்டரைத் தவிர வேறு எங்கிருந்தும் திறக்க முடியாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சனிக்கிழமை. ஆபீஸில் நான் மட்டும். ஏழாம் பாடத்தின் கடைசியில் 'முடித்துவிட்டேன்' என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் பச்சைக் குறி விழவேண்டும். சிலருக்கு விழவில்லை. அதே கோளாறு லோக்கலிலும் வருகிறதா என்று பார்க்க, மாணவர்களின் நிஜப் பட்டியலையே கொண்டுவந்து போட்டிருந்தேன். பாதியில் விட்டவர்களுக்குப் போகும் நினைவூட்டல் மெயிலையும் அப்படியே ஒரு தடவை சோதித்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். மெயில் வெளியே போகாமல் தடுத்துவைக்க மறந்திருந்தேன்.

மெயில் என் சொந்தக் கைவண்ணம். "நீங்கள் இன்னும் முடிக்கவில்லை. உங்களுக்காகக் காத்திருக்கிறோம். திரும்பி வாருங்கள்."

இருநூறு பேருக்குப் போய்விட்டது.

சோடாபுட்டி என்று நாங்கள் கூப்பிடும் சீனியருக்கு போன் போட்டேன்.

"எல்லாருக்குமா போச்சு?"

"எல்லாருக்கும்."

"உன்னை வெச்சுக்கிட்டு... சரி, முதல்ல நெட் கேபிளப் புடுங்கு."

பிடுங்கினேன். அப்போது மணி ஆறு நாற்பது.

லோக்கலில் ஒரு பக்கம் திறக்கப்பட்டால், பதிவுகளுக்கென்று இருக்கும் கறுப்புத் திரையில் ஒரு வரி விழும். யார், எந்தப் பக்கம், எத்தனை மணி என்று இருக்கும். நான் எதையும் திறக்கவில்லை. கேபிள் இன்னும் என் கையில்தான் இருந்தது.

ஒரு வரி விழுந்தது.

மாணவர் 118. முதல் பாடம்.

"யாரோ உள்ள வந்திருக்காங்க" என்றேன்.

"உன் மெஷின்தான்டா அது. வேற யாரு வர முடியும்? பிரவுசர மூடு."

மூடினேன். அவர் போனை வைத்துவிட்டார்.

இரண்டாம் பாடம்... மூன்றாம் பாடம்...

எந்திரக் கோளாறு என்றால் வரிகள் மளமளவென்று கொட்டும். இது அப்படி இல்லை. ஒருவர் உட்கார்ந்து, படித்து, அடுத்த பக்கம் போகும் வேகம். நான்காம் பாடத்தில் நேரம் கூடுதலாக ஆனது. எல்லோரும் திணறும் பாடம் அது.

பிரவுசரை மறுபடி பார்த்தேன், மூடித்தான் இருந்தது.

ஏழு இருபது. ஏழாம் பாடம். 'முடித்துவிட்டேன்.' பச்சைக் குறி விழவில்லை.

க்ளிக்.

மௌஸ் அழுத்தும் சத்தம். என் மௌஸ் மேஜையில் சும்மா கிடந்தது.

க்ளிக்... க்ளிக்...

ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வரி.

ஓடிப்போயிருக்க வேண்டும். ஓடவில்லை. அந்தச் சத்தத்தில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. உட்கார்ந்து கோளாறைத் தேடினேன். கண்டுபிடித்துத் திருத்தினேன். மற்றவர்கள் கணக்கில் போட்டுப் பார்த்தேன். எல்லாருக்கும் பச்சைக் குறி விழுந்தது.

118-க்கு விழவில்லை.

'முடித்தார்' என்று நானே போட்டேன். போட்ட கையோடு அழிந்தது.

க்ளிக்... க்ளிக்... க்ளிக்...

பிளக்கைப் பிடுங்கினேன். திரை இருண்டது.

க்ளிக்.

செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினேன்.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு ஒரு போன் வந்தது. நிதானமான ஆண் குரல்.

"சனிக்கிழமை என் மனைவி பேருக்கு உங்க மெயில் வந்துச்சு சார். அவ இறந்து எட்டு மாசமாச்சு."

மன்னிப்புக் கேட்டேன். மனைவியின் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். பட்டியலில் பார்த்தேன்.

118.

"ஆஸ்பத்திரியில இருந்துக்கிட்டே படிச்சா. ஏழாவது பாடத்துல அந்தப் பட்டன் வேலை செய்யல. அழுத்திக்கிட்டே இருப்பா. இத முடிக்காம எங்கயும் போகமாட்டேன்னு சொல்லிச் சிரிப்பா."

பட்டியலை மூடினேன்.

"அவ லேப்டாப்ப வித்துட்டோம். மௌஸ் மட்டும் அலமாரியில கிடக்கு. எதுலயும் சொருகல. சனிக்கிழமை சாயங்காலத்துலேருந்து அது சத்தம் போடுது சார். எம்பொண்ணு அலமாரி முன்னாடியே உட்கார்ந்திருக்கா. அம்மா வந்துட்டாங்கன்னு சொல்றா. எழுந்து சாப்பிடக்கூட வரமாட்டேங்கறா."

கடைசியாக ஒன்று கேட்டார்.

"வரச் சொல்லி மெயில் போட்டீங்கல்ல. போகச் சொல்லியும் ஒன்னு போடுங்க சார்."

போட்டேன். "நீங்கள் முடித்துவிட்டீர்கள். இனி வர வேண்டாம்" என்று எழுதும்போது அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டரையே மாற்றியாகிவிட்டது. பழைய லோக்கலை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாகிவிட்டது. அதில் மாணவர் பட்டியலே கிடையாது. ஒரு பெயர்கூட இல்லை.

தினமும் ஆறு நாற்பதுக்கு ஒரு வரி விழுகிறது.

மாணவர் 118. முதல் பாடம்.

அந்தக் கணவர் இன்னும் போன் செய்கிறார். நான் எடுப்பதில்லை. ஏழாம் பாடம் வந்ததும் காதைப் பொத்திக்கொள்கிறேன். எங்கோ ஒரு வீட்டில் ஒரு சின்னப் பெண் அதே சத்தத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.