தலை எண்ணுகிற வேலை

பிள்ளைகளைச் சேவைக்கு அழைத்துப் போகிற டீச்சருக்குச் சேவை செய்ய நேரமே கிடைக்காது, தலை எண்ணவே சரியாகப் போய்விடும். ஏறும்போது எண்ண வேண்டும், இறங்கும்போது எண்ண வேண்டும், டீ குடிக்க நிறுத்தினால் எண்ண வேண்டும். என்னைப்போல் மாட்டிக்கொண்ட டீச்சர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சியில் எங்களுடையது நடுநிலைப் பள்ளி. மாதம் ஒரு சனிக்கிழமை ஏழாவது, எட்டாவது பிள்ளைகளை, காது கேளாதோர் பள்ளிக்கோ பார்வையற்றோர் பள்ளிக்கோ கூட்டிப் போக வேண்டும். "நீங்க கான்வென்ட்ல படிச்சவங்க, சேவைன்னா உங்களுக்குத் தெரியும்" என்று ஹெட்மாஸ்டர் என் தலையில் கட்டினார். கான்வென்டில் எனக்குத் தெரிந்த சேவை, சிஸ்டர் வருவதற்குள் போர்டு அழிப்பதுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண், நித்யா. கூப்பிட்டால் திரும்புவதில்லை. அவள் தூங்கிய பிறகுதான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் கிரைண்டர் ஓடினாலும் அசைய மாட்டாள், "நல்ல தூக்கம்" என்கிறார்கள் வீட்டில். ஆனால் கதவை ஓங்கிச் சாத்தினால் சட்டென்று திரும்புவாள். அந்தக் கதவைத்தான் நான் நம்பியிருந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை சாத்தியிருப்பேன் என்று எங்கள் கதவுக்குத்தான் தெரியும்.

பல்லு வலி

முதல் தடவை காது கேளாதோர் பள்ளிக்குப் போகும்போது வேனிலேயே பாடம் நடத்தினேன்: அவர்களுக்குக் கேட்காது, கத்தாதீர்கள், முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசுங்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். இறங்கியதும் எங்கள் எட்டாவது விஜயா, அங்கே படிக்கிற செல்வி என்ற பெண்ணைப் பிடித்துக்கொண்டு, "உன் பேர் இன்னா?" என்றாள். "பேரு! பேரு இன்னா?" என்று வாயை ஒரு முழத்துக்குத் திறந்து கத்தினாள். தெருவில் போன சைக்கிள்காரர் நின்று தன் பேரைச் சொல்லிவிட்டுப் போனார்.

செல்வி விஜயாவின் வாயையே கொஞ்ச நேரம் கவலையோடு பார்த்தாள். பிறகு தன் கன்னத்தைத் தொட்டு, விரலை மடக்கி ஏதோ காட்டினாள். அங்கிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன என்று அந்தப் பள்ளி ரோஸ்லின் டீச்சரைக் கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க. 'இந்தப் பொண்ணுக்குப் பல்லு வலியா, டாக்டராண்ட கூட்டிக்கினு போவலையா'ன்னு கேக்கறா."

நல்ல பரிசு

அடுத்தது சின்னசேலம் பக்கத்துப் பார்வையற்றோர் பள்ளி. எங்கள் பெற்றோர் சங்கத்தில் பெரிய மனது பண்ணி, ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பரிசு கட்டிக் கொடுத்திருந்தார்கள். நானும் பிரித்துப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அங்கே பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துப் பெட்டியைத் திறந்தால், கலர் பென்சிலும் படத்துக்கு வண்ணம் தீட்டுகிற புத்தகமும்.

மூடவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. கொடுத்தேன். முன்வரிசையில் கஸ்தூரி என்று ஒரு பெண், ஏழாவது படிக்கிறாள், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. புத்தகத்தைத் தடவினாள், பென்சிலை மோந்தாள், விஷயம் விளங்கிவிட்டது. "ரொம்ப நல்லா இருக்குங்க டீச்சர்" என்றாள் மரியாதையாக. "அப்படியே காது கேக்காத பசங்களுக்கு ஆளுக்கொரு ரேடியோ வாங்கிக் குடுத்துடுங்க."

மரம் விழுந்த ரோடு

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம். பஸ் ஓடுகிற நாள், ஓடாத நாள் என்று வாரமே இரண்டாகப் பிரிந்திருந்தது. ஓடுகிற நாளாகப் பார்த்து, "மூணு ஸ்கூல் பிள்ளைங்களையும் ஒண்ணா கூட்டிக்கினு போயி வெள்ளிமலையைக் காட்டிட்டு வாங்க" என்றார் ஹெட்மாஸ்டர். கஸ்தூரிக்கு மலையை எப்படிக் காட்டுவது என்று நான் கேட்கவில்லை. அவள் வளைவுக்கு வளைவு, "இதோ திரும்புது, இதோ ஏறுது, யாரோ வாந்தி எடுக்கப் போறாங்க" என்று எங்களுக்குக் காட்டிக்கொண்டே வந்தாள்.

திரும்பி வரும்போது, மலை இறங்கி கச்சிராயபாளையம் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே வெட்டிப் போட்ட புளியமரம் ஒன்று கிடந்தது. டிரைவர் பிரேக் போட்டதும் பின்பக்கம் தடால் என்று இன்னொன்று சாய்ந்தது. நான் திரும்பினேன். கடைசி சீட்டில் செல்வி எனக்கு முன்னாலேயே திரும்பியிருந்தாள். உனக்கு எப்படித் தெரியும் என்று என் முகம் கேட்டிருக்க வேண்டும். செல்வி சிரித்தாள். செருப்பைக் கழற்றிய காலை வேனின் தரையில் தட்டிக் காட்டினாள்.

காலால் கேட்டிருக்கிறாள். எங்கள் வீட்டுக் கதவு என் கண்ணுக்கு முன்னால் ஒரு தரம் சாத்திக்கொண்டது.

அதை நினைக்கக்கூட நேரமில்லை. அரிவாளோடு நாலைந்து பேர் வேனைச் சுற்றிக்கொண்டார்கள். பெரியவராக இருந்தவர் ஜன்னலில் கை வைத்து, "நீங்கள்லாம் இன்னா ஆளுங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று ஒன்றாவது பிள்ளைக்குக்கூடத் தெரியும். எந்தச் சாதியைச் சொன்னால் வழி விடுவார்கள், எதைச் சொன்னால் வேன் கொளுத்தப்படும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. நெற்றியில் குங்குமத்தோடு கான்வென்ட் ஜெபத்தை ஆரம்பித்தேன், அதுவும் பாதியில் மறந்துபோனது.

"சொல்லுங்க, இன்னா ஆளு?"

ஜன்னலோரத்திலிருந்து கஸ்தூரி தலையை நீட்டினாள். "நாங்க கண்ணு தெரியாத ஆளுங்கண்ணா. பின்னாடி சீட்டு காது கேக்காத ஆளுங்க. நடுவுல குந்திக்கினு நடுங்கறது மட்டும் எல்லாம் இருக்கற ஆளுங்க."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அரிவாளைப் பின்னால் மறைத்துக்கொண்டார், பார்வை இல்லாத பிள்ளையிடமிருந்து எதற்கு மறைத்தார் என்று தெரியவில்லை. மற்றவர்களைக் கூப்பிட்டுக் கிளைகளைக் கழித்து, ஓரமாக வேன் போகிற அளவு வழி பண்ணினார். வண்டி நகரும்போது கஸ்தூரி, "அண்ணா, கேக்கறது கேக்கறீங்க, எங்களுக்கும் சேத்துக் கேளுங்க" என்றாள். அவர் வேனோடு நாலடி நடந்தார். "கேக்கறேன் தாயீ. மொதல்ல எங்களுக்கே குடுக்கறானான்னு பாப்போம்."

எங்கள் வீட்டுப் பரீட்சை

மறுநாள் காலையில் நித்யாவைக் கட்டிலில் மெத்தைமேல் உட்கார வைத்தேன். கால் தரையில் படாது. அவள் முதுகுப் பக்கமாகப் போய்க் கதவை ஓங்கிச் சாத்தினேன். பொம்மையின் தலையைத் திருகிக்கொண்டே இருந்தாள். இறக்கித் தரையில் விட்டு, மறுபடி சாத்தினேன். உடனே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு நாள் முன்பு என்றால் அந்தச் சிரிப்புக்கு நான் சர்க்கரைப் பொங்கலே வைத்திருப்பேன். என் வீட்டுக்காரர் ஷேவிங் நுரையோடு வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பாதிக் கன்னம் மழிக்காமலே நுரையைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பசங்களையே பாத்துப் பாத்து, உனக்கு எல்லாப் புள்ளையும் அப்படியே தெரியுது."

செல்வியின் தீர்ப்பு

அடுத்த சேவைச் சனிக்கிழமை நித்யாவையும் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினேன். "பாப்பாவும் சேவைக்கு வருதா டீச்சர்?" என்றாள் விஜயா. ஆமாம் என்றேன். காது கேளாதோர் பள்ளி வராந்தாவில் இறக்கி விட்டதும் செல்வி ஓடி வந்தாள். நித்யாவின் பின்னால் நின்று கையைத் தட்டினாள். ஒன்றுமில்லை. காலைத் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். நித்யா திரும்பினாள். செல்வியும் அவளும் ரொம்ப நாள் பழகியவர்கள்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செல்வி நித்யாவைக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டாள், இரண்டு ஆள்காட்டி விரலையும் கொக்கிபோலக் கோத்துக்கொண்டாள்.

ரோஸ்லின் டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். "என்ன சொல்றா? பரவாயில்லை, சொல்லுங்க" என்றேன். டாக்டரும் பிறகு இதையேதான் சொன்னார், அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. ரோஸ்லின் டீச்சர் இரண்டே வார்த்தையில் முடித்தார்.

"'எங்க ஆளு'ங்கறா."

மாதம் ஒரு தடவை போய்க்கொண்டிருந்தவள் இப்போது ரோஸ்லின் டீச்சர் பள்ளிக்கு வாராவாரம் போகிறேன், யாரும் அதைச் சேவை என்று சொல்வதில்லை, தலை எண்ணுவதும் சுலபமாகிவிட்டது: ஒன்று.