ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த உப்பு

என் மகள் அபிஷாவின் கால்களை விழவைத்தது நீங்கள்தான், எட்வின் சார். பிசாசு அல்ல. படிப்புச் சுமை அல்ல. என் விசுவாசக் குறைவும் அல்ல. நீங்கள்தான். உங்கள் பேச்சைக் கேட்டு நடந்த எனக்கும் அதில் பங்கு உண்டு. அதையும் இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் வீட்டுக்கு வந்து, "பிள்ளை எழும்பி நடந்தத ஒரு சாட்சியா எழுதிக் குடும்மா லீலா, சபைப் பத்திரிகையில போடுவோம்" என்று கேட்டீர்கள். இதோ எழுதிவிட்டேன். ஒரு வரியைக்கூட வெட்டாமல் போடுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால்வெட்டுகிறேன். என் கணவர் கல்ஃபில் இருக்கிறார். எங்களுக்கு ஒரே பிள்ளை, அபிஷா. இப்போது பத்தாம் வகுப்பு. எட்வின் சார் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் சபையில் உபவாச ஜெபக்குழுவை நடத்துகிறவர்.

அபிஷாவுக்குச் சின்ன வயதிலிருந்தே உப்பு வேண்டும். மாங்காய்க்கு உப்பு, கொய்யாக்காய்க்கு உப்பு, ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் கல்லுப்பு. குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பாள். அடிக்கடி ஒன்றுக்குப் போவாள். வகுப்பில் இருந்து எழுந்து எழுந்து போகிறாள் என்று டீச்சர் திட்டுவார். சில நாள் கைவிரல்கள் கோழிக்கால் மாதிரி சுருண்டு இழுத்துக்கொள்ளும். சத்துக் குறைவு என்றார் ஒரு டாக்டர். பரீட்சைப் பயம் என்றார் இன்னொருவர். டானிக் வாங்கிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு ரோஸிலி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி லீலா, உனக்க மோள வெயில்ல கிடத்தினா நல்ல கருவாடு கிட்டும்." நானும் சிரித்தேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தார்கள். காம்பஸுக்கும் பென்சிலுக்கும் நடுவே காகிதத்தில் மடித்த கல்லுப்பு. என்னை வரவழைத்துக் காட்டினார்கள். எனக்கு மானம் போயிற்று. அந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அழுதுகொண்டே இதைச் சொன்னேன். நீங்கள் அந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னீர்கள், சார். எல்லார் முன்னாலும் மேசையில் கவிழ்த்தீர்கள்.

"இது பசி இல்ல, இச்சை. பிள்ளைய ஏதோ ஒண்ணு கட்டி வச்சிருக்கு. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாப்பது நாளும் உப்பு தொடப்பிடாது. உப்பில்லாக் கஞ்சி மட்டும் குடுங்க. கட்டு அவுந்து போவும்."

பன்னிரண்டு பேர் இருந்தோம். பன்னிரண்டு பேரும் ஆமென் சொன்னோம். பிள்ளையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்கே உப்பு ஜாடியைக் கொண்டுபோய் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். நாலாம் நாள் பிள்ளை என் சேலையைப் பிடித்தாள். "அம்மா, உப்பு இல்லாட்டி எனக்க கை சுருண்டு போவுது. ஒரு கல்லு தா. ஒண்ணே ஒண்ணு." நான் கொடுக்கவில்லை. "ஜெபம் பண்ணு மக்களே" என்றேன். பத்தாம் நாள் புகைப்புரைச் சுவரில் பூத்திருந்த வெள்ளை உப்பை நக்கிக்கொண்டு நின்றாள். கன்னத்தில் அடித்தேன். அந்தக் கை இதை எழுதுகிறது.

பதினேழாம் நாள் பால்வெட்டி, பாலைச் சேகரித்துக் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அபிஷா பள்ளிக்கூட உடுப்போடு தரையில் கிடந்தாள். கண் திறந்திருந்தது.

"எளும்பு மக்களே."

"எளும்ப பற்றல்ல அம்மா. கால் எனக்க கால் மாதிரி இல்ல."

தூக்கி நிறுத்தினேன். மடிந்து விழுந்தாள். பயத்தில் முதலில் போன் செய்தது ஆஸ்பத்திரிக்கு அல்ல. உங்களுக்குத்தான், சார். நாலு பேரோடு வந்தீர்கள். "கட்டு அவுறும்போது இப்பிடித்தான் இருக்கும், பயப்படாதீங்க" என்றீர்கள். ஒரு மணி நேரம் ஜெபித்தீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் கைகளும் விழுந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் முழங்கைக்கு மேல் தூக்க முடியவில்லை. பிறகு விரல் மட்டும் அசைந்தது. ரோஸிலிதான் கத்தினாள்: "சாரே, ஜெபம் வண்டியிலயும் பண்ணலாம். பிள்ளைய தூக்குங்க." அவள்தான் ஆட்டோவை வரவழைத்தாள்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த டாக்டரின் முகம் வெளுத்தது. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் மரணம் என் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது. "இதயம் சரியா துடிக்கல்ல. இங்க வச்சிருக்க முடியாது, உடனே கொண்டு போங்க" என்று ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்.

கேரள எல்லையில், களியக்காவிளையில் வண்டி நின்றது. முன்னால் சரக்கு லாரிகள், பின்னால் பஸ்கள். சைரன் அலறுகிறது, யாருக்கும் ஒதுங்க இடமில்லை. அபிஷாவுக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. "அம்மா, மூச்சு எடுக்க மறந்து போவுது" என்றாள். அப்படி ஒரு வாக்கியத்தை எந்தத் தாயும் கேட்கக்கூடாது. ஒவ்வொரு தடவை நெஞ்சு ஏறும்போதும் அடுத்தது ஏறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அழகாக ஜெபிக்கத் தெரியாது. அங்கே வாயில் வந்தது இதுதான்: "கர்த்தாவே, எல்லாரும் பதில் வச்சிருக்காங்க. எனக்கு என்ன கேக்கணும்ணுகூட தெரியல்ல. சரியான கேள்வியைக் கேக்க ஒரு ஆளை அனுப்பும்." அவ்வளவுதான். முன்னால் நின்ற லாரி கொஞ்சம் நகர்ந்தது. எங்கள் டிரைவர் ஆம்புலன்ஸை ஒரு கடை வாசலில் ஏற்றி வளைத்துக் கொண்டுபோனார்.

எல்லைக்கு அப்பால் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தார்கள். பொட்டாசியம் என்ற உப்புச்சத்து, இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லையாம். நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினாலும் இதயம் நின்றுவிடுமாம். மறுநாள் விரல் அசைந்தது, கை அசைந்தது. நான் ஸ்தோத்திரம் சொன்னேன். அதற்கடுத்த நாள் மறுபடியும் விழுந்தது. ஏற்றினார்கள், ஏறியது. நிறுத்தினார்கள், இறங்கியது. எங்கேயோ ஒழுகுகிறது, எங்கே என்று தெரியவில்லை என்றார்கள். அந்த மூன்று நாளும் நான் உட்காரவில்லை. மானிட்டரில் கோடு கொஞ்சம் கோணினாலும் நர்ஸைக் கூப்பிட ஓடுவேன்.

நாலாம் நாள் காலையில் ஒரு பெண் வார்டுக்குள் வந்தார். ஒல்லியானவர், தேய்ந்த செருப்பு. சிறுநீரகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற டாக்டர். அவர் வந்தது வேறொரு நோயாளியின் இரத்த மாதிரிக்கு. அந்த ஆளை முந்தின நாளே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வந்தது வீண் என்று திரும்பியவர் எங்கள் கட்டில் அருகே நின்றார். அங்கே இருந்த நோய்ச் சீட்டைப் படித்தார். பிறகு என்னை அல்ல, பிள்ளையைக் கேட்டார்.

"மோளுக்கு உப்பு இஷ்டமாணோ?"

அபிஷா பதில் சொல்வதற்கு முன் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பயம், நோயைப் பற்றிய பயம் அல்ல. என்னைப் பற்றிய பயம்.

"சொல்லு மக்களே" என்றேன்.

"ஜியாமெட்ரி பாக்ஸில கொண்டு போவேன். இப்ப அம்மா பூட்டி வச்சிருக்கா."

டாக்டர் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். எத்தனை வருடமாக, எவ்வளவு தண்ணீர், எத்தனை தடவை ஒன்றுக்கு என்று எல்லாம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "அம்மே, குட்டி கேட்டது மருந்து. அதைத்தான் நீங்க பூட்டி வச்சீங்க."

சீட்டின் பின்பக்கம் படம் வரைந்தார். சிறுநீரகம் இரத்தத்தை வடிக்கும்போது உப்பும் தண்ணீரோடு வெளியே போகுமாம். போகிற வழியில், குழாய்ச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாசல்கள். அந்த வாசல்கள்தான் உப்பைத் திரும்ப இரத்தத்துக்குள் எடுக்குமாம். அயனி வாய்க்கால் என்று அதற்குப் பெயர். அபிஷாவுக்கு அதில் ஒரு வாசல் பிறவியிலேயே கோணல். உப்பு திரும்பி வராமல் ஒழுகிப் போகிறது. மிச்ச உப்பைப் பிடித்துவைக்க உடம்பு பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. பொட்டாசியம் போனால் தசை ஓடாது. இதயமும் தசைதான்.

எனக்கு அது உடனே புரிந்தது. ரப்பர் மரத்தில் வெட்டுக்குக் கீழே தகரச் சில்லு அடிக்கிறோம். அது கோணலானால் பால் கீழே கட்டிய சிரட்டையில் விழாமல் பட்டையோடு வழிந்து மண்ணுக்குப் போகும். மரத்தைத் திட்டி என்ன பயன்? நான் பிள்ளையைத் திட்டினேன். அடித்தேன்.

இரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். என் கணவர் லீவில் வந்தபோது எங்கள் இருவரின் இரத்தத்தையும் டாக்டர் எடுத்தார். டாக்டர் சந்தேகப்பட்ட அதே வாசல்தான் என்று ரிசல்ட் வந்தது. நானும் என் கணவரும் ஆளுக்குப் பாதிப் பழுதைச் சுமந்திருக்கிறோம், எங்களுக்கு ஒன்றும் செய்யாமல். இரண்டும் சேர்ந்து பிள்ளையிடம் போயிருக்கிறது. யாருடைய பாவமும் அல்ல.

உப்பையும் பொட்டாசியத்தையும் சேர்த்துக் கொடுத்த பிறகு அபிஷா எழும்பினாள், இப்போது நடக்கிறாள். ஆனால் குணமாகிவிட்டாள் என்று நான் பொய் சொல்லமாட்டேன். தினமும் மூன்று நேரம் பொட்டாசியம் மருந்து குடிக்கிறாள். குடலைப் பிரட்டும் கசப்பு. உயிரோடு இருக்கும்வரை குடிக்கவேண்டும். சாப்பாட்டில் உப்பு கூடுதல். மாதம் ஒருமுறை நாகர்கோவிலில் இரத்தப் பரிசோதனை. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் பையை எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் உப்பை அள்ளித் தின்னாதீர்கள். மற்ற சிறுநீரக நோய்களுக்கு உப்பு ஆகாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். நான் கேட்டது அற்புதம் அல்ல, ஒரு கேள்வி. அதை அவர் தேய்ந்த செருப்போடு நடத்தி அனுப்பினார். அந்த வாசல்களைப் பார்த்து எத்தனையோ பேர் எத்தனையோ வருடம் எழுதி வைத்ததெல்லாம் என் பிள்ளைக்காகக் காத்திருந்தது என்று நான் விசுவாசிக்கிறேன். இன்றைக்கும் பயந்துகொண்டேதான் ஜெபிக்கிறேன். பயத்தோடு கேட்டாலும் கேட்கிறவர் அவர். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பயம் இருந்தால் அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். பிள்ளை என்ன சொல்கிறது என்றும் கேளுங்கள்.

எட்வின் சார், நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சபையில் நின்று நீங்கள் சொன்னதை ரோஸிலி எனக்குச் சொன்னாள். உபவாசத்தால் உப்பு ஆசை போயிற்று, பிள்ளை எழும்பியது என்று சொன்னீர்களாம். லெந்து மறுபடியும் வருகிறது. உப்பில்லா உபவாசத்துக்கு மூன்று பிள்ளைகளின் பெயர் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பெயர்களை வாசிப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மைக் முன்னால் நில்லுங்கள். அபிஷா முதல் வரிசையில் இருப்பாள், ஜியாமெட்ரி பாக்ஸோடு. நீங்கள் அன்றைக்குக் கேட்காத கேள்வியை அவளிடம் கேளுங்கள்: "மக்களே, உனக்கு உப்பு எதுக்கு வேண்டியிருந்துது?" அவள் சொல்வாள். அதற்குப் பிறகு, சபை முழுவதும் கேட்க, நீங்கள் பதில் சொல்லவேண்டும்.