பிடித்தம் வேண்டாம் என்று நான் எழுதிய கடிதம்

அந்த வெள்ளைக்காரருக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு டீ கப் என் காதோரமாகப் போய்ச் சுவரில் உடைந்தது. என்மேல் எறிந்ததல்ல. லண்டன் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்த மெயில்மேல் எறிந்தது. எழுபதைத் தாண்டிவிட்டீர்கள், இதயக் குழாயில் ஏற்கெனவே ஸ்டென்ட் இருக்கிறது, அதனால் இதயம் தவிர மற்றதற்கெல்லாம் காப்பீடு தருகிறோம், கட்டணம் மட்டும் கூடும் என்று எழுதியிருந்தார்கள். "இதயம் தவிரவா!" என்று கத்தினார். நான் துடைப்பத்தை எடுத்து உடைந்ததைக் கூட்டினேன். கூட்டி முடித்து, இன்னொரு தடவை எறிந்தால் திருப்பி எறிவேன் என்று அவருக்குப் புரிகிற ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்துவிட்டார். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது அப்படித்தான்.

அவருக்குப் பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்த வாடகை வீடு. நான் மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் போவேன். தன்னைப்போல் வெளிநாடுகளில் குடியிருக்கும் பிரிட்டிஷ்காரர்களின் சந்தேகங்களுக்கு மெயிலில் பதில் எழுதுவதுதான் அவர் ஓய்வுக்கால வேலை. எந்த நாட்டில் இருந்தால் வைத்தியத்துக்கு என்ன ஆகும், சமூகப் பங்களிப்பு என்று அந்த நாட்டு அரசாங்கம் வருமானத்தில் எதையெல்லாம் பிடிக்கும் என்று பெரிய அட்டவணை ஒன்று வைத்திருந்தார். அவர் கை நடுங்கும். டைப் அடிப்பது என் வேலை.

பிளஸ் டூவும் டைப்பிங்கும் மட்டும் படித்த நான், பிரான்சையும் ஸ்பெயினையும் எங்கள் ஊர் ரேஷன் கடை வரிசையைவிட நன்றாகத் தெரிந்துகொண்டேன். பிரான்சில் குடியேறினால் வீட்டு வாடகை வருமானத்திலும் பிடிப்பார்கள். பிரிட்டன் அரசு தரும் ஒரு பாரம் கையில் இருந்தால் பென்ஷனில் கைவைக்க மாட்டார்கள், வைத்தியச் செலவையும் பிரிட்டனே ஏற்கும். ஸ்பெயினில் பென்ஷன் வயது வராதவர் மாதாமாதம் பணம் கட்டி அரசு வைத்தியத்தில் சேரலாம். இந்தியாவில் அந்தப் பாரம் செல்லாது. இங்கே வந்தவரின் பென்ஷன், வந்த நாளில் இருந்த தொகையிலேயே நின்றுவிடும், ஏறாது. சொந்த நாட்டுக்குச் சும்மா போய்வரும்போது உடம்புக்கு வந்தாலோ, குடியிருப்பவன் இல்லை என்று ஆஸ்பத்திரியில் பில் நீட்டுவார்கள். இந்தியா என்ற வரிக்கு வரும்போதெல்லாம் அவர் மேஜையைக் குத்துவார்.

வரும் மெயில்களிலும் வெறிதான். பகல் கொள்ளை, ரத்தத்தை உறிஞ்சுகிறார்கள், என்னைக் கேட்காமல் என் பணத்தில் எப்படிக் கைவைக்கலாம், ஒரு காசு தரமாட்டேன். படித்தவர்கள், வயதானவர்கள், கெட்ட வார்த்தை இல்லாமல் ஒரு மெயில் முடியாது. அவர்களுக்காகச் சட்டப்படியான மறுப்புக் கடிதங்களை நான் அடித்துக் கொடுப்பேன். ஊரில் எனக்கு ஏற்கெனவே வாய்க்காரி என்று பேர். அந்தக் கடிதங்களின் தோரணை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. 'எனது அனுமதியின்றிச் செய்யப்பட்ட இந்தப் பிடித்தத்தை வன்மையாக ஆட்சேபிக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் அடிக்கும்போது என் முதுகு நிமிரும்.

என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் கூலி வேலை. தை பிறந்தால் பாத்தி மிதிக்கப் போவார், மழை பிடிக்கும்வரை ஓயமாட்டார். எங்கள் வீட்டிலும் சாமான் பறந்திருக்கிறது. அவர் கை ஓங்குவார், சில நாள் அடியும் விழும். நானும் சும்மா இருந்தவள் இல்லை. ஒருமுறை கரண்டியால் நான் அடித்து அவர் நெற்றியில் மூன்று தையல் போட்டார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் வாழ்ந்தோம். அடித்துக்கொண்ட மறுநாள் அவர் வறுத்த கடலை வாங்கி வருவார், நான் மீன் குழம்பு வைப்பேன்.

அவருடைய வங்கிக் கணக்கு என் செல்போன் நம்பரில் இருந்தது. அவர் போன் மாதம் ஒருமுறை உப்புத் தண்ணீரில் விழுந்து செத்துப்போகும் என்பதால் அந்த ஏற்பாடு. ஒரு மே மாதக் கடைசியில் அவர் கணக்கிலிருந்து சின்னத் தொகை ஒன்று எடுத்திருப்பதாக மெசேஜ் வந்தது. இரண்டு டீ, இரண்டு வடைக்கான காசு. எனக்கு உச்சி மண்டை கொதித்தது.

"யோவ், யாரைக் கேட்டு எடுத்தானுங்க?"

"அது இன்சூரன்ஸ்டி. அளத்துல கேம்ப் போட்டப்போ கையெழுத்து வாங்கினாங்க. ஆக்சிடென்ட்டுக்குன்னு சொன்னாங்க. வருஷத்துக்கு ஒரு வாட்டிதான், போனா போவுது வுடு."

"வுடணுமா? கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு இன்னா? வெள்ளைக்காரனே வுட மாட்றான், நாம வுடணுமா?"

அன்றைக்கு லீவு போட்டு அவரை வங்கிக்கு இழுத்துப்போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னார். "நல்லதுதாங்க இது. இருந்துட்டுப் போகட்டுமே." நான் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கத்தினேன். வரிசையில் நின்ற பாதிப் பேர் என் பக்கம் சேர்ந்துகொண்டு, எங்கள் காசையும் திருப்பிக் கொடு என்று கூச்சல் போட்டார்கள். ஒருவர் நாற்காலியை எட்டி உதைத்தார். கையோடு கொண்டுபோயிருந்த கடிதத்தை நீட்டினேன். வெள்ளைக்காரர்களுக்கு அடித்துக்கொடுக்கும் அதே கடிதம். பேரையும் நாட்டையும் மட்டும் மாற்றியிருந்தேன். இனிமேல் இந்தக் கணக்கில் எந்தக் காப்பீட்டுப் பிடித்தமும் செய்யக்கூடாது.

என் வீட்டுக்காரர் அதில் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும். பேர் முழுவதையும் தமிழில் எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்து, அதன் நுனியைச் சுழித்துவிடுவார். அளத்தில் நாள்கூலிக்காரர்கள் பலரும் ரேகை வைக்கும் இடத்தில் தான் மட்டும் பேனாவைக் கேட்டு வாங்குவதில் அவருக்கு ஒரு கர்வம். "திருப்தியா இப்போ?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தந்தார். எனக்கு மிகத் திருப்தியாக இருந்தது.

அடுத்த வருடம் மே மாதம் முடிந்தது. மெசேஜ் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று பக்கத்து வீடுகளிலெல்லாம் சொன்னேன். இரண்டு பேர் என்னிடம் கடிதம் எழுதி வாங்கிப் போனார்கள்.

ஜூலையில் ஒரு காலை. அளத்தில் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினின் பெல்ட் வழுக்கிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு என்று ஓடுகிற பெல்ட்டிலேயே பசை தடவுவது அங்கே எல்லோரும் செய்வதுதான். இவரும் தடவினார். பெல்ட் வலது கையைப் பிடித்து இழுத்துச் சக்கரத்துக்குள் கொண்டுபோனது. இன்ஜினை நிறுத்துவதற்குள் முழங்கைவரை நசுங்கிவிட்டது. நான் ஓடியபோது அவரை உப்புக் குவியல்மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியலின் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு. வெட்டிப் போட்டாலும் சத்தம் போடாத மனுஷன், புண்ணில் உப்புப் பட்டு மாடு மாதிரி கத்தினார். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதைவிட்டுப் போகவில்லை.

ஆம்புலன்சில் புதுச்சேரியின் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு பைசா கேட்கவில்லை, நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் கையைக் காப்பாற்ற முடியாது என்றார்கள். முழங்கைக்கு மேலே எடுத்தார்கள்.

அவர் மயக்கத்தில் கிடந்தபோது கூட வேலை செய்பவன் ஒருவன் என்னை வார்டுக்கு வெளியே கூப்பிட்டான். "அக்கா, அளத்துல கேம்ப் போட்டு கையெழுத்து வாங்கினாங்களே, பேங்க்ல வருஷத்துக்கு ஒரு வாட்டி எடுப்பானே, அதுல கை போனா பணம் குடுக்கிறாங்க. என் மச்சானுக்குக் கால் போனப்போ வந்துச்சு. அதை வெச்சுத்தான் கடை போட்டான். அண்ணனுக்கும் அது இருக்குதில்ல?"

"பாக்கலாம்பா" என்றேன்.

வார்டுச் சுவரில் என் தலையை மோதி உடைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிரான்சில் எந்தப் பிடித்தத்துக்கு என்ன கிடைக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டுக்காரர் கணக்கில் எடுத்தது எதற்கென்று ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்கவில்லை. அவரிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனேன். முதல் மெயில் பிரான்சிலிருந்து. பண்ணை வீடும் நீச்சல் குளமும் வைத்திருக்கும் ஒருவர். சமூகப் பங்களிப்பு என்ற பெயரில் தன்னை அம்மணமாக்குகிறார்கள் என்று எழுதியிருந்தார். பதில் கடிதத்தில் இரண்டு வரி அடித்தேன். 'வன்மையாக ஆட்சேபிக்கிறேன்' என்ற இடம் வந்ததும் லேப்டாப்பைத் தூக்கி வெள்ளைக்காரர் கப் எறிந்த அதே சுவரில் எறிந்தேன். அழுகையும் வசவுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதி.

துடைப்பத்தை எடுத்து வந்து, நடுங்குகிற கையோடு, உடைந்ததை அவரே கூட்டினார். பிறகு உட்கார்ந்து சொன்னார்: தன் ஊரில் இதே விபத்து நடந்திருந்தால் வைத்தியத்துக்கும் பணம் கேட்டிருக்க மாட்டார்கள், அதன் பிறகும் ஏதாவது கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

"அப்புறம் எதுக்கு இத்தனை வருஷம் கத்துனீங்க?" என்று தமிழிலேயே கேட்டேன். அவருக்குப் புரிந்தது.

"வாலிபத்தில் சம்பளத்தில் பிடித்தபோதும் கத்தினேன்" என்றார். "இப்போது அந்தப் பிடித்தத்தை நம்பித்தான் ஊருக்குப் போய்ப் படுக்கப்போகிறேன்."

அவர் அட்டவணை கடைசியில் சொன்ன பதில் அதுதான். இதயம் தவிர மற்றதற்கெல்லாம் காப்பீடு கிடைக்கும் நாட்டில் இதயக்காரன் இருக்கக்கூடாது. ஊரிலேயே போய்க் குடியிருந்துவிட்டால் பில் நீட்ட மாட்டார்கள். டிசம்பரில் வீட்டைக் காலி செய்தார். போகும் முன் என் வீட்டுக்காரர் கணக்கில் ஒரு தொகை போட்டுவிட்டுப் போனார். கடை போடும் அளவுக்கு இல்லை, ஒரு தள்ளுவண்டிக்குக் காணும்.

என் வீட்டுக்காரர் அதற்குள் வேறு ஆளாகியிருந்தார். என் சம்பளத்தில் சாப்பிடக் கூச்சப்பட்டுப் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு பெட்டிக்கடை என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கைமுதலுக்குப் பணம் எவன் தருவான் என்று அவரே கேட்டு, அவரே சுவரை உதைப்பார். அப்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். விழுங்கிவிடுவேன். சொன்னால் அடிப்பாரே என்று பயந்தவள் நான் இல்லை. அடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயந்தேன்.

பணம் எடுக்க இருவரும் வங்கிக்குப் போனோம். வெளியே போகும்போது முழுக்கைச் சட்டைதான் போடுவார், வலது கைத்துணியை மடித்துப் பைக்குள் செருகிக்கொள்வார். இடது கையால் பேனாவைப் பிடித்து மூன்று தடவை முயன்றார். எழுத்து கோழி கிளறியதுபோல் வந்தது. கவுன்ட்டரில் அதே பெண். கை போனதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. கணக்கை ரேகைக்கு மாற்றிவிடலாம், பழைய கையெழுத்து ஒன்றைச் சரிபார்க்க வேண்டும் என்று பைலைப் பிரித்தார்.

மேலே இருந்தது என் கடிதம்.

நாலு வரி ஆங்கிலம், அடியில் அவருடைய பேர், கோடு, சுழி. அந்தக் கை கடைசியாகப் பேங்க்கில் போட்ட கையெழுத்து. அவர் குனிந்து அதையே பார்த்தார். செத்துப்போனவர் போட்டோவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இது அன்னைக்கு நாம எழுதிக் குடுத்ததுதானே?" என்று கேட்டார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். "ஆமாங்க. இத மட்டும் குடுக்காம இருந்திருந்தா, இந்தக் கைக்குப் பணம் வந்திருக்கும்."

"எவ்ளோ?"

சொன்னார். ஒரு பெட்டிக்கடையும் அதில் வைக்கச் சரக்கும் வரும்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரிலயே தெரியும்" என்றேன்.

அவர் வலது தோள் பின்னால் போய் வேகமாக முன்னால் வந்தது. எத்தனையோ தடவை பார்த்த வீச்சு, எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்டி நின்றேன். பையிலிருந்து உருவிக்கொண்டு வந்த வெறும் சட்டைக்கைத் துணி என் கன்னத்தில் பட்டு, அப்படியே தொங்கியது.

கண்ணைத் திறந்தேன். அவர் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவுன்ட்டர் பெண் மைப்பெட்டியைத் தள்ளினார். நான் அவருடைய இடது கைக் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினேன்.